இங்கிலாந்தில் பள்ளி நேரத்துக்குப் பின் நடக்கும் வகுப்புகளும் கிளப்புகளும்: பதிவு, சோதனை, பொறுப்பு பற்றிய கேள்வி பதில்

கீழே உள்ள பதில்கள் இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் சட்டமும் வேறு, மேற்பார்வை அமைப்பும் வேறு.

கேள்வி: சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி நடத்துகிறோம். காலை 9.30 முதல் 1 மணி வரை தமிழ், பரதம், மிருதங்கம். 5 வயதிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். ஒஃப்ஸ்டெட் (கல்வியையும் சிறுவர் பராமரிப்பையும் மேற்பார்வை செய்யும் அரசு அமைப்பு) பதிவு கட்டாயமா?

முதலில் மூன்றைப் பாருங்கள். 8 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் உண்டா? ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் நடக்கிறதா? அதற்குப் பணம் வாங்குகிறீர்களா? மூன்றுக்கும் ஆம் என்றால் பதிவு வேண்டும், விலக்கு ஏதும் இருந்தாலொழிய.

உங்களுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. பள்ளிப்பாட உதவி, விளையாட்டு, நிகழ்த்துகலை, ஓவியமும் கைவேலையும், சமயம்-பண்பாடு-மொழி என்று ஐந்து வகைகள். இவற்றில் இரண்டுக்கு மேற்படாமல், 3 வயது நிரம்பிய பிள்ளைகளுக்குக் கற்பித்தால் பதிவு தேவையில்லை. தமிழ் மொழி வகையில் வரும். பரதமும் மிருதங்கமும் சேர்ந்து நிகழ்த்துகலை என்ற ஒரே வகை. ஆக இரண்டு. அடுத்த தவணையில் கணித வகுப்பும் சேர்த்தால் மூன்றாகிவிடும், விலக்கு போய்விடும். பாடத்திட்டம் மாறும் ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

இந்த விலக்குக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. பிள்ளையைப் பார்த்துக்கொள்வது கற்பித்தலோடு ஒட்டி வருவதாக மட்டும் இருக்க வேண்டும். வகுப்பு 1 மணிக்கு முடிந்தபின் "3 மணி வரை வைத்திருங்கோ" என்று பெற்றோர் கேட்க, நீங்களும் சம்மதித்துக் காசு வாங்கினால், அது பராமரிப்பு; விலக்கு அதற்குப் பொருந்தாது.

கேள்வி: வார நாட்களில் மாலை 3.30 முதல் 6 வரை ஒரு மண்டபத்தில் கிளப் தொடங்க இருக்கிறோம். எந்தப் பதிவேட்டில் சேர வேண்டும்?

வயதைப் பொறுத்தது. ரிசெப்ஷன் வகுப்பு (4-5 வயதுக்கான பள்ளியின் முதல் வகுப்பு) பிள்ளைகளை எடுத்தால் ஆரம்ப வயதுப் பதிவேடு; 5 வயது முடிந்தபின் வரும் ஆகஸ்ட் 31 வரை பிள்ளை அதில்தான் அடங்கும். அதன்பின் 8 வயது வரை பராமரிப்புப் பதிவேட்டின் கட்டாயப் பகுதி. 8க்கு மேல் விருப்பப் பகுதி. இந்த மூன்று வயதுப் பிரிவினரும் வருவார்கள் என்றால் மூன்றுக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள்.

விண்ணப்பம் இழுபடுவது பெரும்பாலும் நிர்வாகக் குழுவால்தான். சங்கமோ அறக்கட்டளையோ நடத்தினால், பிள்ளைகளோடு நேரடியாக நிற்காத குழு உறுப்பினர்களும் பின்னணிச் சோதனைக்கு உட்பட வேண்டும். பத்துப் பேர் குழுவில் இரண்டு பேர் படிவத்தை நிரப்பாமல் வைத்திருந்தால் முழு விண்ணப்பமும் நிற்கும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் குழு மாறினால் அதையும் ஒஃப்ஸ்டெட்டுக்கு 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். நம் சங்கங்கள் அடிக்கடி தவறவிடுவது இதைத்தான்.

ரிசெப்ஷன் பிள்ளைகள் இருக்கும் நேரம் முழுவதும், குழந்தைகளுக்கான முழு முதலுதவிப் பயிற்சி பெற்ற ஒருவர் அங்கே இருக்க வேண்டும். பயிற்சி 12 மணி நேரம், சான்றிதழ் 3 ஆண்டுகளுக்குச் செல்லும். ஒருவரை மட்டும் பயிற்றுவித்தால், அவர் காய்ச்சலில் படுக்கும் நாளில் கிளப்பைத் திறக்க முடியாது. குறைந்தது மூன்று பேரையாவது அனுப்புங்கள்.

பள்ளிக்கூடமே தன் மாணவருக்காக நேரடியாக நடத்தும் கிளப்புக்குத் தனிப் பதிவு தேவையில்லை. மண்டபத்தை வாடகைக்கு எடுக்கும் உங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

கேள்வி: எத்தனை பிள்ளைக்கு ஒரு பெரியவர்?

பள்ளி முடிந்தபின் வரும் ரிசெப்ஷன் பிள்ளைகளுக்கும் மூத்தவர்களுக்கும், 30 பேர் கொண்ட வகுப்புக்குப் போல் போதிய ஆட்கள் வேண்டும் என்பதே சட்ட நிலை. அதை மட்டும் நம்பிக் கிளப் நடத்தாதீர்கள். சிறுவர் பாதுகாப்பு அமைப்பான என்.எஸ்.பி.சி.சி. பரிந்துரைப்பது 4 முதல் 8 வயதுக்கு 6 பேருக்கு ஒருவர், 9 முதல் 12 வயதுக்கு 8 பேருக்கு ஒருவர். 8 வயதுக்கு உட்பட்ட 24 சிறுவர் என்றால் நால்வர். ஒரு பிள்ளையைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போக ஒருவர், வாசலில் பெற்றோரைப் பார்க்க ஒருவர் என்று பிரிந்தால் மண்டபத்தில் மிஞ்சுவது இருவர்தான். எண்ணிக்கையை அப்படித்தான் கணக்கிட வேண்டும்.

கேள்வி: தொண்டர்களுக்கும் டி.பி.எஸ். (குற்றப் பதிவுகளைப் பார்த்துச் சான்றிதழ் தரும் அரசு அமைப்பு) சோதனை வேண்டுமா? செலவு அதிகமாகுமே, ஐயா.

தொண்டருக்கு அரசுக் கட்டணம் இல்லை. ஆண்டுக்கு 100க்குக் குறைந்த சோதனைகள் செய்யும் அமைப்பு நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. இடைநிலை நிறுவனம் ஒன்றின் வழியாகப் போக வேண்டும், அவர்கள் சிறு தொகை கேட்பார்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது, அல்லது 30 நாட்களில் 3 நாட்களுக்கு மேல், மேற்பார்வை இன்றிப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவருக்கு, தடைப்பட்டியலையும் (பிள்ளைகளோடு வேலை செய்யத் தடை செய்யப்பட்டவர்களின் பட்டியல்) பார்க்கும் உயர்நிலைச் சோதனை வேண்டும். சான்றிதழ் வழங்கப்பட்ட 30 நாட்களுக்குள், அதை நடப்பில் வைத்திருக்கும் டி.பி.எஸ். புதுப்பிப்புச் சேவையில் சேரச் சொல்லுங்கள். நாள் தவறினால் புதிய சோதனைதான்.

சான்றிதழில் ஒன்றும் இல்லை என்பதால் ஆள் நல்லவர் என்று ஆகிவிடாது. பிடிபடாதது அதில் வராது. முன்பு வேலை செய்த இடத்தில் இரண்டு பேரிடமாவது தொலைபேசியில் விசாரியுங்கள். "ஊர்க்காரர், தெரிந்த குடும்பம்" என்பது விசாரணை ஆகாது.

கேள்வி: தமிழ் வகுப்புக் கட்டணத்தை வரியில்லாப் பராமரிப்புக் கணக்கிலிருந்து கட்டலாமா?

நடத்துபவர் பதிவு பெற்றிருந்தால் மட்டுமே. விலக்குப் பெற்ற வகுப்பும் விருப்பப் பகுதியில் சேர்ந்து இதற்கு வழி செய்யலாம். பெற்றோர் 8 பவுண் போட்டால் அரசு 2 பவுண் சேர்க்கும். ஒரு பிள்ளைக்கு 3 மாதத்தில் 500 பவுண் வரை. பிள்ளைக்கு 11 வயது நிரம்பியபின் வரும் செப்டெம்பர் 1 வரை கிடைக்கும்.

கேள்வி: 6 மணிக்கு யாரும் வந்து பிள்ளையைக் கூட்டிப் போகவில்லை என்றால்?

பதிவு செய்யும்போதே பெற்றோர் தவிர இன்னும் இருவரின் எண்களை வாங்கி வையுங்கள். வேறு ஆள் வந்தால் கேட்க ஒரு கடவுச்சொல்லும் வேண்டும். இரண்டு பெரியவர்கள் பிள்ளையோடு நிற்க, எல்லா எண்ணுக்கும் எடுங்கள். உங்கள் கொள்கையில் எழுதிய நேரம் கடந்தும் யாரும் எடுக்கவில்லை என்றால், கவுன்சிலின் சிறுவர் சமூகசேவைக்கு அழையுங்கள். இரவு, வார இறுதிக்குத் தனி எண் உண்டு. எவ்வளவு பழக்கமான குடும்பமானாலும் ஆசிரியர் பிள்ளையைத் தன் காரில் தனியே கூட்டிப் போகக் கூடாது.

கேள்வி: ஓர் ஆசிரியர் தவறாகத் தொட்டதாக ஒரு பிள்ளை சொல்லியது. குழுவில் சிலர் "பேசித் தீர்ப்போம்" என்கிறார்கள். என்ன செய்வது?

பேசித் தீர்க்கக் கூடாது. கூட்டம் வைக்கவும் வேண்டாம், அந்த ஆசிரியரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்கவும் வேண்டாம். அப்படிக் கேட்பது அவருக்கு எச்சரிக்கை கொடுப்பதாகும். பிள்ளை மிரட்டப்படலாம், பொலிஸ் விசாரணையும் கெடலாம்.

பிள்ளை சொன்னதை அதே சொற்களில், நாள், நேரம், கையொப்பத்தோடு இன்றே எழுதுங்கள். துருவிக் கேட்காதீர்கள், "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். உடனடி ஆபத்து என்றால் 999. இல்லையென்றால், ஒரு வேலை நாளுக்குள் கவுன்சிலில் இத்தகைய முறைப்பாடுகளைக் கவனிக்கும் அதிகாரியை அழையுங்கள். ஒவ்வொரு கவுன்சிலிலும் ஒருவர் இருக்கிறார், அவரை லாடோ என்பார்கள். ஆசிரியரை எப்போது நிறுத்துவது, பெற்றோருக்கு எப்போது, எதைச் சொல்வது என்று அவரிடமே கேளுங்கள். ஆனால் அந்தப் பதில் வரும்வரை அந்த ஆசிரியர் பிள்ளைகளோடு இருக்கக் கூடாது. பதிவு பெற்ற அமைப்பாயின் ஒஃப்ஸ்டெட்டுக்கு 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

பிள்ளைக்குத் தீங்கு செய்தார் என்பதற்காக அவரை விலக்கினாலும், விலக்கும் முன் அவரே விலகிவிட்டாலும், டி.பி.எஸ். அமைப்புக்குத் தெரிவிப்பது சட்டக் கடமை. தெரிவிக்காமல் விட்டால் அடுத்த ஊர்த் தமிழ்ப் பள்ளியில் அவர் வகுப்பெடுப்பார்.

கேள்வி: விலக்குப் பெற்ற வகுப்புக்கு இவ்வளவும் பொருந்துமா?

ஒஃப்ஸ்டெட் பதிவு, ஒஃப்ஸ்டெட் நேரில் வந்து செய்யும் பரிசோதனை, 14 நாள் அறிவிப்பு ஆகியவை பொருந்தாது. லாடோவை அழைப்பதும், டி.பி.எஸ். அமைப்புக்குத் தெரிவிப்பதும், சம்பளத்துக்கு ஆள் வைத்தால் குறைந்தது 50 இலட்சம் பவுணுக்கான முதலாளி பொறுப்புக் காப்புறுதியும் உங்களுக்கும் உண்டு.