முகாமில் வளர்ந்த பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்தேன்: பணத்தைத் தவிர வேறு என்ன தேவைப்பட்டது?

உங்கள் வீட்டு மாடி வேலைக்கு வந்தவரின் மகன் இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கிறான், பிளஸ் டூ முடிக்கப் போகிறான், கல்லூரிக் கட்டணத்தை நான் கட்டத் தயார், வேறு என்ன கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். திருச்சியில் பெயின்ட் கடை வைத்திருக்கிறேன். முகாமிலிருந்து வரும் பெயின்டர்கள் நிறையப் பேர் என் கடைக்குத்தான் வருவார்கள். அவர்களில் ஒருவருடைய மகளை 2022இல் பி.காம் சேர்த்துவிட்டு, மூன்று வருடமும் கூட இருந்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கட்டணம்தான் இருப்பதிலேயே சுலபம். அரசுக் கலைக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் வருடத்துக்குச் சில ஆயிரங்களோடு முடிந்துவிடும். முகாமில் பதிவு உள்ள மாணவர்களுக்கு அரசின் கல்வி உதவித்தொகையும் உண்டு. 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் வந்த அறிவிப்புக்குப் பிறகு அந்தத் தொகையும் கூடியது. ஆனால் கல்லூரி சொல்லும் கடைசித் தேதியும் உதவித்தொகை கைக்கு வரும் நாளும் ஒன்றாக இருக்காது. நடுவில் உள்ள அந்தச் சில மாதங்களுக்குத்தான் உங்கள் பணம் தேவைப்படும். கல்விக்கடனை நம்பாதீர்கள். வங்கிகளின் கல்விக்கடன் இந்தியக் குடிமக்களுக்கு உரியது.

அடுத்தது காகிதம். அவளுடைய அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய துணிக்கடைப் பை ஒன்றைக் கொண்டுவந்து என் வீட்டு மேசையில் கவிழ்த்தார். உள்ளே ராமேஸ்வரம் பக்கத்தில் உள்ள மண்டபம் முகாமில் பதிந்த நாள் போட்ட தாள், முகாம் அடையாள அட்டை, பள்ளி மார்க் ஷீட்டுகள், அப்புறம் ஒரு பிறப்புச் சான்றிதழ். 2006இல் மறுபடி சண்டை மூண்டபோது மன்னாரிலிருந்து இவளைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு படகேறியிருக்கிறார்கள். அந்தச் சான்றிதழை எட்டாக மடித்து, பாலிதீனில் சுற்றி, அம்மா ரவிக்கைக்குள் வைத்துக் கொண்டுவந்தாராம். மடிப்பு விழுந்த இடமெல்லாம் எழுத்து போயிருந்தது. அதில் ஒரு பிறந்த தேதி, முகாம் பதிவேட்டில் வேறு ஒன்று, பள்ளியில் மூன்றாவதாக ஒன்று. இன்ஷியலும் மாறியிருந்தது. இதைச் சரிசெய்ய நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம், பள்ளியில் கடிதம், முகாமைப் பார்க்கும் வருவாய் அலுவலரிடம் கையெழுத்து என்று ஆறு வாரம் ஆனது. அவளுடைய அப்பா தனியாகப் போனபோதெல்லாம் நாளைக்கு வா என்றார்கள். நான் கூடப் போனபோது உட்காரச் சொன்னார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் இது. ஆனாலும் உங்களுக்கு நான் சொல்லக்கூடிய பெரிய உதவி இதுதான்: கூடப் போங்கள். கடையை அரை நாள் மூடிவிட்டுப் போனதுதான் நான் செய்ததிலேயே உருப்படியான காரியம்.

சாதிச் சான்று கிடையாது என்பதால் பெரும்பாலும் பொதுப் பிரிவில்தான் போட்டி போட வேண்டியிருக்கும். நல்ல மார்க் இருந்தும் முதல் சுற்றில் இடம் வரவில்லை என்றால் பையன் உடைந்துபோய்விடுவான். முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நாலைந்து கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போடுங்கள்.

இப்போது நான் நீளமாகச் சொல்ல வேண்டிய இடத்துக்கு வருகிறேன். எந்தப் படிப்பு?

அவளுக்கு வக்கீலாக வேண்டும். ஒவ்வொரு மேசைக்கு முன்னாலும் அப்பா கை கட்டி நின்றதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு வேறு என்ன ஆசை வரும்! வாயும் இருந்தது, ஞாபகமும் இருந்தது. நானும் உற்சாகமாகத்தான் இருந்தேன். கடைக்கு வரும் ஒரு வக்கீலிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் சட்டப் புத்தகத்தோடு வந்து 1961ஆம் வருடத்து வழக்கறிஞர்கள் சட்டத்தில் 24ஆம் பிரிவைக் காட்டினார். கோர்ட்டில் வாதாட பார் கவுன்சிலில் பதிவு வேண்டும், அதற்கு இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். வெளிநாட்டவர் என்றால், அவருடைய நாடு இந்தியர்களை அங்கே வக்கீலாக அனுமதிக்க வேண்டும். "ஐந்து வருடம் படிக்கலாம், பட்டமும் வாங்கலாம், கோர்ட்டில் நிற்க முடியாது" என்றார்.

இரண்டு நாள் அதை மனசிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒரு மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அவளிடம் சொன்னேன். கவுன்ட்டர் மேல் கிடந்த ஷேட் கார்டை விரிப்பதும் மடிப்பதுமாக இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ நான் இங்க பொறந்திருந்தா, மாமா?" என்றாள். 1987 ஜூலை 1க்கு முன்னால் இந்தியாவில் பிறந்தவர்கள்தான் பிறப்பாலேயே குடிமக்கள், அதற்குப் பிறகு பிறந்தவர்கள் என்றால் அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்றேன். "தம்பி திருச்சி ஜி.ஹெச்.லதான பொறந்தான்?" என்றாள். அவன் 2009இல் பிறந்தவன். அவனுக்கும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளே புரிந்துகொண்டாள். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் உயர் நீதிமன்றம் வரை போய் இந்திய பாஸ்போர்ட் வாங்கி, 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்திருந்தால் அவருக்கும் அந்த வழி இருந்திருக்காது. பாஸ்போர்ட் விசா இல்லாமல் படகில் வந்தவர்களைக் குடியுரிமைச் சட்டம் சட்டவிரோதக் குடியேறிகள் என்றுதான் சொல்கிறது. விண்ணப்பித்துக் குடியுரிமை வாங்கும் வழியும் அதனால் அடைபட்டிருக்கிறது. அந்தச் சட்டத்தின் 2019 திருத்தம் சில நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு வழி விட்டது, அதில் இலங்கையைச் சேர்க்கவில்லை.

சட்டம் மாறும், படிக்கட்டும் விடு என்று என் நண்பர்கள் சொன்னார்கள். மாற வேண்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன். ஆனால் அதை நம்பிப் பதினேழு வயதுப் பிள்ளையின் ஐந்து வருடத்தைக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. எல்லாம் தெரிந்த பிறகும் அதைத்தான் படிப்பேன் என்று அவள் சொல்லியிருந்தால் அதற்கும் கூட நின்றிருப்பேன். தெரியாமல் சேர்ந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

அதனால் உங்கள் பையனிடம் படிப்பைப் பற்றிப் பேசும்போது, அதை முடித்தவர்களுக்கு வேலை தருவது யார், அவர்கள் என்னென்ன காகிதம் கேட்பார்கள் என்பதையும் சேர்த்து விசாரியுங்கள். அரசு வேலைக்குப் போக முடியாது. இந்திய பாஸ்போர்ட் இல்லாததால் வெளிநாட்டு வேலையும் சுலபமில்லை. கணக்கு, டேலி, ஜிஎஸ்டி, கம்ப்யூட்டர், டிசைன், பாலிடெக்னிக்கில் ஏசி மெக்கானிக் மாதிரியான தொழில்கள் என்றால் தனியார் இடங்களில் கை வேலையைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். அவள் பி.காம் எடுத்தது அப்படித்தான்.

வீட்டில் அவளுடைய அம்மம்மா மட்டும் மூன்று வருடமும் "பிள்ளை கம்பஸுக்குப் போறாள்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் ஊரில் பல்கலைக்கழகத்துக்குக் கம்பஸ் என்றுதான் பேர். யாழ்ப்பாணத்தில் கம்பஸ் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பேத்தி கல்லூரிக்குக் கிளம்பும் காலையில் அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

சேர்ந்த பிறகு ஆபத்தான காலம் இரண்டாவது செமஸ்டர். அவளுடைய அப்பா சாரத்திலிருந்து விழுந்து இரண்டு மாதம் படுத்துவிட்டார். இவள் கல்லூரியை விட்டுவிட்டு ஜவுளிக்கடைக்குப் போகிறேன் என்றாள். பையன்களுக்கு இது இன்னும் கஷ்டம். பட்டி பார்க்கப் போனாலே அன்றைக்குச் சாயங்காலம் கையில் காசு வந்துவிடும், கல்லூரியில் படித்தால் செலவுதான். அந்த இரண்டு மாதத்துக்கு நான் கொடுத்தது அரிசி, பஸ் காசு, மருந்துச் செலவு. கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. படிப்பைக் காப்பாற்றியது அதுதான். அவளுடைய அப்பாவும் சும்மா இருக்கவில்லை. பெயின்ட் டப்பாவுக்குள் பெயின்டர்களுக்கென்று டோக்கன் போட்டிருப்பார்கள் அல்லவா, வருடம் முழுக்க அதைச் சேர்த்துவைத்து, ஜூன் மாதம் என்னிடம் மொத்தமாகக் கொடுத்துப் பணமாக வாங்கிப்போவார். புத்தகச் செலவு அதில்தான்.

பையன் விடுதியில் தங்குவதாக இருந்தால் ஒன்று. முகாமில் கணக்கெடுப்பு நாளில் ஆள் இல்லையென்றால் அரசு மாதாமாதம் குடும்பத்துக்குத் தரும் உதவித்தொகை அந்த மாதம் நின்றுபோகலாம், பதிவிலும் சிக்கல் வரும். இங்கே படிக்கிறார் என்று கல்லூரி தரும் போனஃபைடு சான்றை வாங்கி முகாமில் கொடுத்து, அனுமதி பெற்ற பிறகே போகட்டும். முகாமில் இல்லாமல் வெளியே தங்கி, போலீஸ் நிலையத்தில் பதிந்திருக்கும் குடும்பம் என்றால் இந்த அரசு உதவிகள் பொருந்தாமல் போகலாம், அதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் 1984 முதல் இந்த மக்களோடு இருக்கிறது. முகாமிலேயே அவர்களைத் தெரிந்தவர்கள் இருப்பார்கள், விசாரியுங்கள்.

அவள் 2025இல் முடித்தாள். இப்போது ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறாள். என் கடைக் கணக்கும் அங்கேதான் போகிறது.

நீங்கள் இந்த வாரமே பையனின் அம்மாவிடம் சொல்லி, வீட்டில் இருக்கும் காகிதம் அத்தனையையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பிறந்த தேதியையும் இன்ஷியலையும் ஒவ்வொன்றிலும் பாருங்கள். ரிசல்ட் வர இன்னும் நாள் இருக்கிறது, திருத்துவதற்கு இப்போதுதான் நேரம்.