எந்த ரசாயனத்துக்கு, எத்தனை நிமிடத்துக்கு?

கேள்வி: வேதியியல் ஆய்வகத்துக்குக் கையுறை வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. அசிட்டோன், டைகுளோரோமீத்தேன், ஹெக்சேன், அடர் கந்தக அமிலம் எல்லாம் புழங்கும் இடம். விற்பவர், "நைட்ரைல் ரப்பர் கையுறை வாங்குங்க, எல்லாத்தையும் தாங்கும்" என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். எல்லாவற்றையும் தாங்கும் கையுறை என்று ஒன்று கிடையாது. உங்கள் பட்டியலில் உள்ள நான்கில் மெல்லிய நைட்ரைல் ஓரளவு நன்றாகத் தாங்குவது ஹெக்சேன் ஒன்றைத்தான். அசிட்டோன் ஓரிரு நிமிடத்தில் ஊடுருவிவிடும். டைகுளோரோமீத்தேனுக்கு அந்த நேரம்கூடத் தேவையில்லை.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். கையுறையின் ஒரு விரலை வெட்டி, புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்து, டைகுளோரோமீத்தேன் உள்ள சிறு பீக்கரில் போடுங்கள். சில நிமிடங்களில் அது ஊதிப் பெரிதாகி, நெளிந்து, தொளதொளவென்று ஆகிவிடும். இடுக்கியால் இழுத்தால் பிய்ந்து வரும். முதல் முறை பார்த்தபோது, அதுவரை அதை நம்பிப் போட்டிருந்த என் கையை நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

ஆனால் ஊதவில்லை என்பதற்காக நிம்மதி அடையவும் கூடாது. கையுறை பார்க்க அப்படியே இருக்கும்போதே ரசாயனம் மூலக்கூறு மூலக்கூறாக உள்ளே கடந்துவிடும். ஓட்டை இருக்காது, ஈரம் தெரியாது. 1996 ஆகஸ்டில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹானின் லேட்டக்ஸ் கையுறை மீது டைமெத்தில் பாதரசம் என்ற கடும் நஞ்சு சில சொட்டு விழுந்தது. அந்த நஞ்சால் 1997 ஜூனில் அவர் இறந்துபோனார். பிறகு சோதித்தபோது, அந்த வகைக் கையுறையை அது 15 விநாடிக்குள் கடந்துவிடுவது தெரியவந்தது. அவர் விதிப்படி கையுறை போட்டுத்தான் வேலை செய்தார். அந்தப் பொருளுக்கு அது உரிய கையுறை இல்லை, அவ்வளவுதான். கையுறை வாங்கும் எவரும் இதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சரி, எதை வாங்குவது? அசிட்டோனுக்கு பியூட்டைல் ரப்பர். அதே பியூட்டைல் ஹெக்சேன், டொலுயீனுக்கு உதவாது. அடர் கந்தக அமிலத்துக்கு தடித்த நியோப்ரீன் அல்லது பியூட்டைல். டைகுளோரோமீத்தேனுக்கு பல அடுக்கு பிளாஸ்டிக் படலக் கையுறை, இல்லையென்றால் பி.வி.ஏ. (பாலிவினைல் ஆல்கஹால்) பூசியது. பி.வி.ஏ. தண்ணீரில் கரையும், ஆகவே ஈரமான வேலைக்கு வேண்டாம். படலக் கையுறை பெரும்பாலான கரைப்பான்களைத் தாங்கும். ஆனால் கைக்கு ஒட்டாமல் பை மாதிரி தொங்கும், சின்னப் பொருளைப் பிடிப்பது சிரமம். அதை உள்ளே போட்டு, மேலே ஒரு நைட்ரைல் போட்டால் பிடிப்பு கிடைக்கும்.

வாங்கும்போது பெட்டியில் ஐ.எஸ்.ஓ. 374-1 என்ற ரசாயனக் கையுறைத் தரநிலை எண்ணையும் குடுவைப் படத்தையும் தேடுங்கள். டைப் ஏ என்றால் அந்தத் தரநிலையின் பட்டியலில் உள்ள ரசாயனங்களில் குறைந்தது 6-ஐ 30 நிமிடமாவது தாங்கியது. டைப் பி என்றால் 3. டைப் சி என்றால் ஒரே ஒரு ரசாயனத்தை 10 நிமிடம். படத்தின் கீழே உள்ள ஆங்கில எழுத்துகள்தான் முக்கியம், ஒவ்வொன்றும் ஒரு ரசாயனத்தைக் குறிக்கும். ஜே, கே, எல் என்று இருந்தால் ஹெப்டேன், 40% சோடியம் ஹைட்ராக்சைடு, 96% கந்தக அமிலம். அசிட்டோனுக்கு பி (B), டைகுளோரோமீத்தேனுக்கு டி (D). அவை இல்லாத பெட்டியை அந்த வேலைக்கு வாங்காதீர்கள். மருத்துவப் பரிசோதனைக் கையுறை என்று மட்டும் போட்டிருந்தால், அது ரசாயனத்துக்குச் சோதிக்கப்பட்டதாகவே எடுத்துக்கொள்ள முடியாது.

அப்புறம், தயாரிப்பாளரிடம் அந்த மாடலுக்கான ஊடுருவல் அட்டவணையை, அதாவது எந்த ரசாயனம் எத்தனை நிமிடத்தில் கடக்கும் என்ற பட்டியலைக் கேளுங்கள். பொதுவான நைட்ரைல் அட்டவணை போதாது, தடிமன் மாறினால் நேரமும் மாறும். கோட்பாட்டுக் கணக்கில் தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் சுமார் நான்கு மடங்காகும். அட்டவணை நிமிடங்கள் 23 டிகிரியில் அளந்தவை. போட்டிருக்கும் கையின் சூட்டில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். அட்டவணை தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: மெல்லிய நைட்ரைலையே இரண்டு ஜோடி போட்டால் போதாதா?

பதில்: தெறிக்கும் சொட்டுக்கு உதவும். வெளிக் கையுறையில் பட்டதும் அதை உடனே கழற்றிவிடலாம், கை வெறுமையாகாது. டைகுளோரோமீத்தேனில் கை நனையும் வேலைக்கு இது போதாது.

கேள்வி: ஒரு முறை போட்டதைக் கழுவிக் காயவைத்து மறுபடி பயன்படுத்துகிறோம். செலவு மிச்சமாகிறதே?

பதில்: மெல்லிய கையுறையில் தயவுசெய்து வேண்டாம். மேலே கழுவினாலும், ரப்பருக்குள் ஊறிப்போன ரசாயனம் போகாது. நீங்கள் காயவைக்கும் அந்த இரவெல்லாம் அது உள்பக்கம் நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். மறுநாள் கை நுழைக்கும்போது அங்கே காத்திருக்கும். மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் தடித்த பியூட்டைலை முறையாகச் சுத்தம் செய்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குள் திரும்பப் போடலாம். அதிலும் நிறம் மாறியது, விறைத்தது, பிசுபிசுத்தது என்றால் குப்பைக்குத்தான். பெட்டிகளை வெயில் படாத, புற ஊதா விளக்கு இல்லாத அலமாரியில் வையுங்கள். திறக்காத பெட்டியிலேயே ரப்பர் கெட்டுப்போகும்.