ராக்கு முறையில் மண்கலம் செய்ய உங்களைத் தூண்டியது எது?

ராக்கு ஜப்பானியக் கலையாயிற்றே, திருநெல்வேலியில் இருந்துகொண்டு அதற்கான எண்ணமெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சேரன்மகாதேவி பக்கம் வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு கேஸ் சூளை போட்டுப் பதினோரு வருஷமாக இந்த வேலை செய்கிறேன். எனக்கு எல்லாம் புகையிலிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் முறையைச் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை சுட்ட கலத்துக்கு கிளேஸ், அதாவது சூட்டில் உருகிக் கண்ணாடி போலப் படியும் பூச்சு, பூசி, மறுபடி சூளையில் வைத்து ஏறக்குறைய 1000 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். கிளேஸ் உருகி ஈரம் போலப் பளபளக்கும்போது, ஆறட்டும் என்று காத்திருக்காமல், கலத்தை நீள இடுக்கியால் தணலாகவே வெளியே தூக்கி, உமியோ மரத்தூளோ போட்ட தகர டிரம்முக்குள் இறக்கி மூடிவிட வேண்டும். உள்ளே குப்பென்று தீ பற்றும், காற்று தீர்ந்துபோகும், அப்புறம் வெறும் புகைதான். கிளேஸ் படாத மண்ணெல்லாம் அந்தக் கரியைக் குடித்துக் கன்னங்கரேல் என்று ஆகிவிடும். வெளிக்காற்று பட்டதும் வெள்ளை கிளேஸ் மெல்லிய கோடுகளாக வெடிக்கும், அந்த வெடிப்புக்குள்ளும் கரி இறங்கி நின்றுவிடும். தூக்கும் நேரத்தில் காதைக் கொடுத்தால் ‘டிங்... டிங்...’ என்று சன்னமாகச் சத்தம் வரும். இன்றைக்கும் அதைக் கேட்டால் எனக்குப் புல்லரிக்கும். அந்தக் கோடுகளைப் பார்க்கும்போதெல்லாம் சித்திரை வெயிலில் வற்றி வெடித்துக் கிடக்கும் எங்கள் ஊர்க் குளத்துக் கரம்பைதான் நினைவுக்கு வருகிறது.

புகை என்றேன் அல்லவா, அது ஆச்சியின் அடுப்படி. புதுச் சட்டி வாங்கினால் கஞ்சித் தண்ணீர் ஊற்றி நாலைந்து நாள் பழக்கிய பிறகுதான் மீன் குழம்புக்கு எடுப்பாள். வருஷம் போகப் போக சட்டியின் அடி கறுத்து, அந்தக் கறுப்பு மெல்ல மேலேறி, கழுத்துக்குக் கீழே ஒரு இடத்தில் மண்ணின் சிவப்போடு கலந்து பழுப்பாக மறையும். ஒரு பூச்சு இல்லை, தூரிகை இல்லை. அந்தப் பழுப்பு விளிம்பைத்தான் இத்தனை வருஷமாக என் கலங்களில் பிடிக்கப் பார்க்கிறேன்.

அப்புறம் ஆதிச்சநல்லூர். தாமிரபரணியின் தென்கரையில் இருக்கும் இந்தப் பழங்கால இடுகாட்டை 1876இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டினார், பிறகு அலெக்சாண்டர் ரே பெரிய அளவில் தோண்டினார். 2023இல் அங்கேயே அருங்காட்சியகம் திறந்துவிட்டார்கள், கண்ணாடி வழியாக முதுமக்கள் தாழிகளை அவை கிடந்த குழியிலேயே பார்க்கலாம். எல்லோரும் தாழியைப் பார்த்து அசந்து நிற்பார்கள், என்னை நிறுத்தியது கறுப்பு சிவப்புக் கிண்ணங்கள். உள்ளும் விளிம்பும் கறுப்பு, வெளியே சிவப்பு. கலத்தைக் கவிழ்த்துச் சுட்டால் வாய்ப்பக்கம் காற்றுப் போகாமல் கரி ஏறிக் கறுக்கும், காற்றுப் படும் வெளிப்புறம் மண்ணில் உள்ள இரும்பால் சிவக்கும். நான் டிரம்மை மூடிச் செய்வதும் இதே காரியம்தானே! காற்றை எங்கே விடுவது, எங்கே மறிப்பது என்பதை இந்த ஆற்றங்கரையில் அன்றைக்கே கைக்குள் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்வரை யாரிடமும் பேசத் தோன்றவில்லை.

இதனால் ஜப்பானைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 16ஆம் நூற்றாண்டில் கியோட்டோவில் சென் நோ ரிக்யூ என்ற தேநீர் ஆசானுக்காக சோஜிரோ என்பவர் கையாலேயே பிடித்துச் செய்த கிண்ணங்கள்தான் ராக்குவின் தொடக்கம், சக்கரமே கிடையாது. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும் என்பதுதான் அதன் வடிவத்துக்குக் காரணம், என் சின்னக் கிண்ணங்கள் எல்லாம் அதற்குக் கடன்பட்டவை. ஆனால் புகையில் மூடும் பழக்கம் அங்கிருந்து வந்ததில்லை. அது 1960 வாக்கில் அமெரிக்காவில் பால் சோல்ட்னர் என்ற மண்கலக் கலைஞர் சூடான கலத்தை இலைகளில் போட்டுப் பார்த்ததிலிருந்து பரவியது.

மண்ணைக் கற்றுக்கொண்டது பக்கத்தில் மண்பானைக்குப் பேர்போன காருகுறிச்சியில். முதல் வருஷம் குளத்து மண்ணை அப்படியே வனைந்து தூக்கினேன், ஏழு கலத்தில் ஆறு இடுக்கியிலேயே பிளந்துவிட்டன, அழுதேவிட்டேன். அங்கே ஒரு தாத்தா பிளந்த கலத்தின் ஓட்டை எடுத்து உடைத்துப் பார்த்துவிட்டு, “எம்மா, இது ரொம்பக் கொழுப்பு மண்ணுல்லா, மூச்சு விட எடம் வேண்டாமா? மணலு சேரு, பழைய ஓட்டை இடிச்சுச் சேரு” என்றார். இன்றுவரை உடைந்த என் கலங்களை இடித்துச் சலித்து அடுத்த மண்ணில் சேர்த்துத்தான் பிசைகிறேன்.

செம்பு கிளேஸ் போட்டால் மயில்கழுத்து போல மின்னும், நன்றாக விற்கும். எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை, வருஷங்களில் அந்த மினுக்கு மங்கியும் போகும். வாங்குகிறவர்களிடம் இன்னொன்றும் சொல்லிவிடுவேன்: இதில் தண்ணீர் கசியும், சாப்பாட்டுக்கும் ஆகாது, பார்க்கவும் கையில் எடுக்கவும்தான்.

இப்போது உமிக்குப் பதில் காய்ந்த பனையோலை போட்டுச் சுடுகிறேன். போன வாரம் எடுத்த ஒரு குடத்தின் தோளில் ஓலையின் மடிப்பு அப்படியே சாம்பல் கோடாக விழுந்திருக்கிறது, தடவினால் விரலுக்கும் தட்டுப்படுகிறது. கிளேஸ் உறைவதற்குள் ஓலை பட்டதால் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இன்னும் நாலு குடம் வைக்கிறேன்.