அலெக்சாண்டர் கிரேக்கனா?

அன்புள்ள ஐயா,

போன கட்டுரையில் அலெக்சாண்டரைப் போகிறபோக்கில் 'கிரேக்க மன்னன்' என்று எழுதிவிட்டீர்கள். அவர் நாட்டுக்காரர்களான மாசிடோனியரை அன்றைய கிரேக்கர்களே சேர்த்துக்கொள்ளவில்லையே? ஏதென்ஸின் பேச்சாளர் டெமாஸ்தனிஸே சொல்லியிருக்கிறாரே?

எஸ்., கோவில்பட்டி

அன்புள்ள எஸ்.,

சொல்லியிருக்கிறார். அலெக்சாண்டரின் அப்பா, மாசிடோனிய மன்னன் பிலிப் கிரேக்கனும் இல்லை, கிரேக்கருக்கு உறவும் இல்லை, உருப்படியான அடிமைகூடக் கிடைக்காத மாசிடோனியாவிலிருந்து வந்தவன் என்று கி.மு. 341இல் ஏதென்ஸ் மக்களவையில் வெளுத்து வாங்கினார். பிலிப் ஊர் ஊராக விழுங்கிக்கொண்டிருந்த நேரம் அது. மேடையில் எதிரியைத் திட்டியதை வைத்துக் குலம் கோத்திரம் பார்க்கலாமா? ஐந்து வருடம் முன்பு அதே ஏதென்ஸின் எழுத்தாளர் ஐசக்ரட்டீஸ், அதே பிலிப்பைக் கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளிஸின் வம்சம் என்று கொண்டாடி, கிரேக்கரைத் திரட்டிப் பாரசீகத்தின்மேல் போகச் சொன்னார். அவரும் அரச குடும்பத்தைத்தான் கிரேக்கர் என்றார், குடிமக்களை அல்ல. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும் கதையிலும் இதேதான். ஒலிம்பிக்கில் ஓடவந்த முதலாம் அலெக்சாண்டரை (நம் அலெக்சாண்டரின் முன்னோர்) கிரேக்கனல்ல என்று மற்றவர்கள் மறித்தார்கள்; தன் முன்னோர் கிரேக்க நகரமான ஆர்கோஸ்காரர்கள் என்று காட்டிய பிறகே விட்டார்கள். சரி, ராஜா தப்பித்தார். ஜனங்கள்?

எனக்கு இந்தப் பெரிய மனிதர்களைவிட ஒரு பெண்ணின் சாட்சிதான் பெரிது. 1986இல் மாசிடோனியத் தலைநகராக இருந்த பெல்லாவில் ஒரு கல்லறைக்குள் ஈயத்தகடு ஒன்று கிடைத்தது. கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நம்மூர்ச் செய்வினைத் தகடேதான். டயோனிசோஃபோன் அந்தத் தெட்டிமாவைக் கட்டக்கூடாது, என்னைத் தவிர யாரையும் கட்டக்கூடாது, நானே இதைத் தோண்டியெடுத்துப் பிரித்துப் படிக்கிறவரைக்கும் என்று எழுதிப் புதைத்திருக்கிறாள். மொழி கிரேக்கம்தான். ஆனால் அரண்மனை எழுத்துவேலைக்கு எடுத்துக்கொண்ட ஏதென்ஸ் வழக்கு இல்லை. வடமேற்கு டோரிக் என்ற கிரேக்க வட்டார வழக்கோடு சேர்ந்த பேச்சு. அரசாங்கம் கடன் வாங்கிய மொழியில் கல்வெட்டு வெட்டலாம். வயிற்றெரிச்சலில் செய்வினை வைப்பவள் வீட்டில் பேசுகிற பேச்சில்தானே வைப்பாள்? அவள் வெளியூர்க்காரியாக இருக்கலாம் என்பவர்களும் உண்டு. ஒற்றைத் தகடு, அவர்கள் கேட்பதும் நியாயம்தான். ஆனால் மாசிடோனியக் கல்லறைகளில் உள்ள சாதாரண ஆட்களின் பெயர்களும் பெரும்பாலும் கிரேக்கப் பெயர்களே. உச்சரிப்புதான் கொஞ்சம் வேறு: தெற்கே ஃபெரெனிகே, இங்கே பெரெனிகே.

அப்புறம், இந்தச் சண்டையில் பங்கில்லாத ஒருவர். பாரசீகப் பேரரசர் முதலாம் டேரியஸின் கல்லறைக் கல்வெட்டில், அவர் ஆண்ட மக்களின் பட்டியலில் 'கேடயத் தொப்பி யௌனர்' என்று ஒரு கூட்டம் வருகிறது. அகன்ற தொப்பி போட்ட மாசிடோனியர்தான் அது என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. 'யௌனர்' என்றால் பாரசீகருக்குக் கிரேக்கர்; நம் சங்கப் பாடல்களின் 'யவனர்' என்ற சொல்லுக்கு உறவு. வரி வசூலித்தவர் கண்ணுக்கு அவர்களும் யவனர்தான், தொப்பி மட்டும் வேறு.

ஆகவே 'கிரேக்க மன்னன்' அப்படியே இருக்கட்டும். டெமாஸ்தனிஸ் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று பக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிடுகிறேன்.