மேடையிலிருந்து வீடு வரைக்கும்

"எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தி, கூடப் படிக்கும் தோழிக்கு நடக்கவிருந்த கல்யாணத்தை, குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குத் தகவல் சொல்லி நிறுத்தினாள். போன மாதம் ஒரு விழாவில் அவளை மேடையேற்றிப் பாராட்டினார்கள். பத்திரிகைகளில் நாலு வரிக்கு மேல் வரவில்லை. சினிமாக்காரர்களுக்குக் கிடைக்கிற இடம் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஏன் கிடைப்பதில்லை? எந்நேரமும் செல்போனும் கையுமாகத் திரிகிற தலைமுறையில் இவள் ஒரு விதிவிலக்கு. பெயர், ஊர், படம் எல்லாம் இணைத்திருக்கிறேன். நீங்கள் அவளைப் பற்றி எழுத வேண்டும். பரிசாகக் கொடுக்க நாலு புத்தகமும் சொல்லுங்கள்."

ஓர் ஆசிரியர், தருமபுரி மாவட்டம்

அன்புள்ள சார்,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அந்தப் பிள்ளையின் மேல் உங்களுக்கு இருக்கிற பிரியம் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. என் அன்பையும் அவளிடம் சொல்லுங்கள். பதினாறு வயதில் சொந்த ஊரை எதிர்த்து ஒரு போன் போடுவது சின்ன காரியம் இல்லை.

செல்போன் புலம்பலை விட்டுவிடுங்கள். அவள் 1098-ஐ எதில் கூப்பிட்டாள்? சினிமாக்காரர்கள் விஷயமும் அப்படித்தான், அதைப் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை.

பெயர், ஊர், படம் மூன்றையும் அழித்துவிட்டேன். இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். 1098-க்குக் கூப்பிட்டவர் யார் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்று வைத்திருக்கிறார்களே, அது எதற்கு என்று நினைக்கிறீர்கள்? பந்தலுக்கு அட்வான்ஸ் கொடுத்து, பத்திரிகை அடித்து, சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லிவிட்ட பிறகு நின்றுபோன கல்யாணம். அந்த வீட்டுக் கோபம், கல்யாணத்தை வந்து நிறுத்திய அதிகாரி மேல் பாயாது, அவர் ஜீப்பில் ஏறிப் போய்விடுவார். இவள்தான் மறுநாளும் அதே குழாயடியில் தண்ணீர் பிடிக்க வேண்டும். அதே டவுன் பஸ்ஸில் ஏற வேண்டும். மைக்கைப் பிடித்து அவள் பெயரையும் அப்பா பெயரையும் ஊரையும் சொல்லிக் கை தட்டிய அத்தனை பேரில், இது ஒருத்தருக்கும் தோன்றவில்லையா? உங்களுக்குமா தோன்றவில்லை?

அப்புறம், கல்யாணம் நின்றதே, அந்தப் பெண் எங்கே? முழுக் கடிதத்திலும் அவளைப் பற்றி ஒரு வரி கிடையாது. பள்ளிக்கு வருகிறாளா, இல்லை வீட்டில் உட்கார வைத்துவிட்டார்களா? நிறுத்திய கல்யாணத்தை ஆறு மாதம் கழித்து வேறு ஊர்க் கோயிலில் வைத்து முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2006-ஆம் வருடத்துக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, அப்படி நடந்துவிட்ட கல்யாணம் பெரும்பாலும் தானாகச் செல்லாமல் போகாது. வேண்டாம் என்று அந்தப் பெண்தான் கோர்ட்டுக்குப் போக வேண்டும், பதினெட்டு முடிந்து இரண்டு வருடத்துக்குள். யார் அவளைக் கூட்டிப் போவார்கள்?

இரண்டு வாரமாக நான் இக்பால் மஸீஹ் நினைப்பிலேயே இருக்கிறேன், அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. பாகிஸ்தானில் லாகூர் பக்கத்து முரீத்கே ஊர்ப் பையன். குடும்பம் வாங்கிய 600 ரூபாய் கடனுக்காக நாலு வயதில் கம்பளத் தறியில் உட்கார வைத்தார்கள். பத்து வயது வாக்கில் தப்பி வெளியே வந்து, மற்ற பிள்ளைகளிடம் கொத்தடிமை முறை சட்டப்படி ஒழிந்துவிட்டது என்று சொல்லத் தொடங்கினான். 1994 டிசம்பரில் அமெரிக்காவில் பாஸ்டனுக்குக் கூட்டிப்போய் ரீபோக் நிறுவனத்தின் விருதைக் கொடுத்தார்கள். அரங்கமே எழுந்து நின்றது. ஊருக்குத் திரும்பினான். 1995 ஏப்ரல் 16, ஈஸ்டர் ஞாயிறு. சொந்தக்காரப் பையன்களோடு சைக்கிளில் போகும்போது சுட்டுக் கொன்றார்கள். பன்னிரண்டு வயது. சுட்டதற்கு என்ன காரணம் என்பதில் இன்றுவரைக்கும் தகராறு இருக்கிறது. பாகிஸ்தான் அரசு 2022-ல் அவனுக்கு வீர விருது கொடுத்தது.

அந்த விமானம் அவனை மறுபடி முரீத்கேயில் கொண்டுவந்து விட்டதே, அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர்க் கதை ஒன்றையும் சொல்கிறேன். 1992, புதுக்கோட்டை மாவட்டம். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் அறிவொளி இயக்கம் ஊர் ஊராகப் பற்றிக்கொண்டிருந்தது, பெண்கள் வாடகை சைக்கிள் எடுத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவில் ஓர் அக்கா, பத்தொன்பது வயது, பத்தாவது ஃபெயில். ராத்திரி ஏழரை மணிக்கு மாரியம்மன் கோயில் முன்னால் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு உட்காருவாள். சம்பளம் ஒரு பைசா கிடையாது. முதல் பாடம் 'பட்டா'. ஒரு சென்ட் நிலமில்லாத பெண்கள், நடவு நட்டு ஊறிப்போன விரலால் சிலேட்டில் 'ப' போட்டார்கள். ஐந்தாறு மாதத்தில் இருபது பேருக்கு மேல் கைநாட்டை விட்டுக் கையெழுத்துக்கு வந்துவிட்டார்கள்.

டவுனில் ஒரு சங்கம் அக்காவுக்குப் பாராட்டு விழா வைத்தது. துணைக்கு என்று பத்து வயது என்னை அனுப்பினார்கள். ஆறு மணி விழா, தலைவர் வந்து சேர எட்டாகிவிட்டது. அக்காவை மேடைக்குக் கூப்பிடும்போது எட்டரை. எங்கள் ஊருக்குக் கடைசி பஸ் எட்டு நாற்பது. கேடயம், பொன்னாடை, போட்டோ. கீழே இறங்கி வந்து பார்த்தால் கார்கள் எல்லாம் போய்விட்டன. ஹாலில் நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

பஸ் ஸ்டாண்டு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். அக்கா கேடயத்தைப் பொன்னாடையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு ஆட்கள் சுற்றிச் சுற்றி வந்து எந்த ஊர், எங்கே போகணும் என்று கேட்டார்கள். கடை கட்டிக்கொண்டிருந்த பூக்காரம்மா, "எம் மவதான், போங்கடா" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். விடியற்காலை முதல் பஸ் வரும்வரை அவள் வீட்டுக்குப் போகவில்லை. வாழைநாரை நனைத்து நனைத்துக் கிழித்துக்கொண்டே இருந்தாள்.

ஊரில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. ராத்திரி முழுக்க எங்கே இருந்தாள்? அக்காவின் அப்பா அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பரணில் போட்டார். பத்து நாள் வகுப்பு நடக்கவில்லை. பதினோராம் நாள் ராத்திரி அந்தப் பெண்கள் சிலேட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். "நீ வர வேணாம் தாயி, நாங்க வந்துட்டோம்." அவளுடைய அம்மாவே பரணில் ஏறி விளக்கை எடுத்தாள்.

போன வருடம் அக்காவைப் பார்த்தேன். கேடயம் எங்கே போனதென்று அவளுக்கு நினைவில்லை. "அந்தப் பூக்காரம்மா பேரைக் கேக்காம வந்துட்டோமேடா" என்றாள்.

இளைஞர்களைப் பாராட்டவே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் பாராட்டைப் பற்றிப் பிள்ளைகளே நமக்குச் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். பருவநிலை மாற்றத்துக்கு எதிராகப் போராடும் ஸ்வீடன் பெண் கிரேட்டா துன்பெர்க், 2019-ல் வட ஐரோப்பிய நாடுகளின் அமைப்பான நார்டிக் கவுன்சிலின் சுற்றுச்சூழல் விருதையும் மூன்றரை லட்சம் டேனிஷ் குரோனரையும் வேண்டாம் என்றாள். விஞ்ஞானிகள் சொல்வதைக் கேளுங்கள், இனி விருது வேண்டாம் என்றாள். அடுத்த வருடம், அதே பருவநிலைக்காகக் குரல் கொடுக்கும் மணிப்பூரின் லிசிப்ரியா கங்குஜம், அப்போது எட்டு வயது, மகளிர் தினத்தை ஒட்டி மத்திய அரசு தந்த கௌரவத்தை மறுத்தாள். என் பேச்சைக் கேட்கப் போவதில்லை என்றால் என்னைக் கொண்டாடாதீர்கள் என்றாள். நாம் அதற்கும் கை தட்டிவிட்டு எழுந்து போனோம்.

ஜனவரி 24-ல் தமிழக அரசு பெண் குழந்தைகளுக்குக் கொடுக்கிற மாநில விருது இருக்கிறது, அதற்கு இவளை அனுப்பலாமே என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். நல்ல விருதுதான், பணமும் உண்டு. அனுப்பும் முன் முதலில் அவளைக் கேளுங்கள், பிறகு அவள் அம்மாவை. வேண்டாம் என்று சொன்னால் ஒரு வார்த்தை வற்புறுத்தாதீர்கள். இந்த வாரமே அந்தத் தோழியின் வீட்டுக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், தலைமையாசிரியரையும் கூட்டிக்கொள்ளுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பேசி, அவளுக்கு ஹாஸ்டல் கிடைக்குமா என்று பாருங்கள். ஸ்கூல் விட்டதும் இருவரும் எந்த பஸ்ஸில் போகிறார்கள், கூட யார் போகிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். நான் சொல்லி நீங்கள் வாங்க வேண்டாம். ஒரு சனிக்கிழமை காலையில், வீட்டில் சொல்லிவிட்டு, உங்கள் மனைவியையும் அழைத்துக்கொண்டு இரண்டு பேரையும் தருமபுரி டவுனுக்குக் கூட்டிப்போய் அவர்களையே எடுக்கச் சொல்லுங்கள். இருட்டுவதற்கு முன்னால் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள்.

அன்புடன்.