கோட்டைக் காட்சிக்கு எந்தத் துப்பாக்கி?

கேள்வி: 1791-இல் ஆங்கிலேயர் கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கியதைக் கல்லூரி நண்பர்கள் சேர்ந்து குறும்படமாக எடுக்கிறோம். ஒரு புரோக்கர், "திப்பு காலத்துத் துப்பாக்கி, பழம்பொருள், லைசென்ஸ் வேண்டாம்" என்று ஒன்றைக் காட்டினார். போட்டோ அனுப்பியுள்ளேன். வாடகைக்கு எடுக்கலாமா?
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: எடுக்காதீர்கள் தம்பி. போட்டோவில் குழலின் பின்பக்கம் சின்னக் காம்பு ஒன்று தெரிகிறது. அதில் கேப், அதாவது தட்டினால் வெடிக்கும் மருந்து வைத்த சின்னச் செம்பு மூடியை மாட்டி, சுத்தி அடித்தால் வெடிக்கும். கேப் முறை 1820-களில்தான் பரவியது. 1791 நவம்பரில் ஆங்கிலேயத் தளபதி மேக்ஸ்வெல்லின் படை இந்தக் கோட்டையில் ஏற முயன்று தோற்றபோது அது இல்லவே இல்லை.

வகை பிரிக்கக் குழல் நீளத்தையோ பித்தளை வேலைப்பாட்டையோ பார்க்காதீர்கள். குழலுக்குள் இருக்கும் வெடிமருந்துக்குத் தீ எப்படிப் போகிறது என்று பாருங்கள். எரியும் திரி, குழலின் பக்கத்தில் இருக்கும் சின்னக் கிண்ணியில் உள்ள மருந்தைத் தொட்டால் திரித் துப்பாக்கி. சுத்தி கவ்விய தீக்கல் எஃகுத் தகட்டில் உரசிப் பொறி பறந்தால் தீக்கல் துப்பாக்கி. உங்கள் கதைக்கு இந்த இரண்டும் போதும். கம்பெனிச் சிப்பாய்க்குத் தீக்கல், எதிரே திப்புவின் படைக்கு இரண்டும் கலந்து. ஐரோப்பியப் படைகளில் திரி 1700 வாக்கிலேயே போய்விட்டது. நம் நாட்டில் 19-ஆம் நூற்றாண்டிலும் புழங்கியது.

ஒரு விஷயத்தில் மட்டும் நிதானம் வேண்டும். பழைய தீக்கல் துப்பாக்கியைப் பிற்காலத்தில் கேப்புக்கு மாற்றியிருப்பார்கள். தீக்கல் கவ்வியை எடுத்துவிட்டுச் சுத்தி வைப்பார்கள், கிண்ணியை எடுத்துவிட்டுக் காம்பைத் திருகுவார்கள். அப்படி மாற்றியதில் பக்கத் தகட்டில் அடைத்த திருகு ஓட்டைகள் பெரும்பாலும் தெரியும். தெரிந்தால் குழலும் கட்டையும் உண்மையிலேயே திப்பு காலத்தவையாக இருக்கலாம். அப்போதும் அந்தக் கோலத்தில் உங்கள் காட்சிக்கு ஆகாது. நீங்கள் அனுப்பியதில் தகடு ஓட்டை எதுவும் இல்லாமல் மழமழவென்று இருக்கிறது, ஆகவே பிற்காலத்தில் கேப்புக்கென்றே செய்ததாகத்தான் தெரிகிறது. திப்புவின் சின்னமான புலிமுகத்தை எந்தப் பட்டறையிலும் பொறிக்கலாம், அதை நம்பிப் பணம் கொடுத்தவர்கள் ஏராளம்.

அப்புறம் லைசென்ஸ். 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான் விலக்கு தருகிறது. வெறுமனே பழசாக இருந்தால் போதாது. நம் மலைக்கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லிப் போலீஸ் திரும்பத் திரும்ப அறிவிக்கிறது. சோதனையில் சிக்கினால் வழக்கு, கையில் வைத்திருந்தவர் மேல்தான். புரோக்கரின் போன் அன்றைக்கே சுவிட்ச் ஆஃப் ஆகிவிடும். இதையெல்லாம் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி ஒட்டிவைக்க எந்த அலுவலகத்துக்கும் மனம் வரவில்லை. ஒரு மேஜையில் கேட்டால் அடுத்த மேஜையைக் காட்டுகிறார்கள். புரோக்கர்கள் பிழைப்பதே இதனால்தான்.

தச்சரிடம் சொல்லி, குழலுக்கு ஓட்டையே இல்லாமல் முழு மரத்தில் செய்துகொள்ளுங்கள். படப்பிடிப்புக்கு முன்பே உள்ளூர் காவல் நிலையத்தில் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். புகையை எடிட்டிங்கில் சேர்க்கும்போது முதலில் கிண்ணியில் ஒன்று, நொடிக்கும் குறைவான இடைவெளியில் குழல் வாயில் ஒன்று என இரண்டாக வரவேண்டும்.