துப்பாக்கி எங்கிருந்து வந்தது?

கேள்வி: மார்செல் காமு 1959-இல் எடுத்த 'கறுப்பு ஆர்ஃபியஸ்' கான் திரைப்பட விழாவின் தங்கப் பனை விருது, ஆஸ்கர் இரண்டையும் வாங்கிய படம். 40 வருஷம் கழித்து பிரேசில் இயக்குநர் கார்லோஸ் டியேகஸ் அதே கதையை மறுபடி எடுத்து, போதைக் கும்பல், துப்பாக்கி, லேப்டாப் என்று கெடுத்துவிட்டாரே. கிளாசிக்கை அப்படியே விட்டிருக்கக் கூடாதா?

பதில்: கூடாது. நீங்கள் சொல்லும் ஆஸ்கர் பிரேசிலுக்குக் கிடைக்கவில்லை. பிரான்ஸ் கணக்கில் சேர்ந்தது. காமு பிரெஞ்சுக்காரர். கதை பிரேசில் கவிஞர் வினிசியஸ் டி மொராயஸின் நாடகம். செத்துப்போன காதலி யுரிடிஸைத் தேடிப் பாதாளம் வரை போகும் பாடகன் ஆர்ஃபியஸின் கிரேக்கப் புராணத்தை அவர் ரியோவுக்குக் கொண்டுவந்தார். 1956-இல் டாம் ஜோபிம் இசையில், கட்டடக் கலைஞர் நீமயர் அமைத்த மேடையில், ரியோவின் முனிசிபல் தியேட்டரில் கறுப்பின நடிகர்கள் நடித்து அரங்கேறியது. அதைப் பார்த்தபோது டியேகஸ் பதின்வயதுப் பையன். அப்புறம் வந்த காமு படம் அவரை ஏமாற்றிவிட்டது.

எனக்கும் காமு படம் பிடிக்கும். செத்துப்போன யுரிடிஸைத் தேடி ஆர்ஃபியஸ் காணாமல் போனவர்களுக்கான அலுவலகத்துக்குப் போகிறான். ஆளே இல்லாத கட்டடம், மலையாகக் குவிந்த காகிதம், பெருக்கிக்கொண்டிருக்கும் ஒரு ஊழியர், இருட்டில் கீழே இறங்கும் சுழல் படிக்கட்டு. பாதாள லோகத்தை இவ்வளவு எளிமையாகக் காட்டியவர் எனக்குத் தெரிந்து வேறு யாரும் இல்லை.

ஆனால் கதை நடக்கும் ரியோவின் குடிசைக் குன்றில் வறுமைகூடக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது. யாரைப் பார்த்தாலும் ஆட்டம், பாட்டம். மரணம் எலும்புக்கூடு வேஷத்தில் வருகிறது. உள்ளே இருப்பவர் மும்முறைத் தாண்டுதலில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற அதேமார் ஃபெரேரா டா சில்வா. அந்த மரணம் எந்தத் தெருவிலிருந்து வருகிறது, யார் அனுப்பியது என்று படம் கேட்பதே இல்லை.

டியேகஸ் கேட்டார். அவருடைய படத்தில் மரணத்துக்கு ஒரு பெயர் உண்டு: லூசின்ஹோ. ஆர்ஃபியஸோடு சின்ன வயதில் சேர்ந்து விளையாடியவன், இப்போது குன்றை ஆளும் போதைக் கும்பலின் தலைவன். 1990-களின் ரியோ குன்றில் இருப்பவர்களுக்கு இப்படி ஒருவனைத் தெரியாமல் இருக்காது. இந்த ஆர்ஃபியஸும் பாதாளத்துக்கு இறங்குகிறான். அங்கே படிக்கட்டு இல்லை, கும்பல் பிணங்களை வீசும் பள்ளம்தான் இருக்கிறது. லேப்டாப்பில் அவன் சம்பா (பிரேசிலின் ஆட்டப் பாட்டு) எழுதுவதும் உங்களை உறுத்துகிறது. 1999-இல் பாட்டு எழுதுகிறவன் வேறு எதில் எழுதுவான்? படத்துக்கு இசையமைத்த கயேட்டானோ வெலோசோ அந்த சம்பாவுக்கு நடுவே ராப் வைத்ததும் அந்தக் காலத்துக் காதுக்காகத்தான்.

குறை சொல்ல இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. யுரிடிஸ் பாத்திரம் இந்தப் படத்திலும் மெலிவுதான். அழகாக வந்து, காதலித்து, செத்துப்போகிறாள். குன்றைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று கடைசிவரை தெரியவில்லை. அதற்காக டியேகஸைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். துப்பாக்கியை மட்டும் அவர் தலையில் கட்டாதீர்கள். அது அவருக்கு முன்பே குன்றேறிவிட்டது.